டீசல் எஞ்சினும் பள்ளிக்கூடமும்: இன்டியானாவின் கொலம்பஸ்

"என் தங்கை குடும்பம் இன்டியானா மாநிலத்தில் இருக்கும் கொலம்பஸுக்கு மாற்றலாகிப் போகிறது. வரைபடத்தில் பார்த்தால் சோள வயல்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். தேடிப் பார்த்தால் கட்டடக் கலை, உலகப் புகழ் என்று வருகிறது. எஞ்சின் தொழிற்சாலை ஊருக்கும் கட்டடக் கலைக்கும் என்ன சம்பந்தம்? அங்கே வாழ்க்கை எப்படி இருக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் அந்த ஊரில் ஏழு ஆண்டுகள் குடியிருந்தேன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் சுருக்கமாகச் சொன்னால் அது சுற்றுலாத் துண்டறிக்கை ஆகிவிடும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. ஒஹையோ மாநிலத் தலைநகரின் பெயரும் கொலம்பஸ்தான். விமான டிக்கெட் எடுக்கும்போது உங்கள் தங்கை இதைக் கவனிக்க வேண்டும். அவர் இறங்க வேண்டிய இடம் இண்டியானாபொலிஸ். அங்கிருந்து தெற்கே நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்துக்குள் ஊர் வந்துவிடும். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 50,474. நம் ஊர்க் கணக்கில் ஒரு சிறு நகராட்சி அளவுதான்.

ஊர் 1821-இல் பிறந்தது. நிலம் கொடுத்த ஜெனரல் ஜான் டிப்டனின் பெயரால் முதலில் 'டிப்டோனா' என்றுதான் வைத்தார்கள். சில வாரங்களிலேயே பெயரை மாற்றிவிட்டார்கள். மனம் நொந்த டிப்டன், பின்னாளில் சாலை போடும் பொறுப்பு கைக்கு வந்தபோது, ஊரைத் தொடாமல் சாலையைத் திருப்பிவிட்டார் என்று இன்றும் அங்கே கதை சொல்வார்கள். 1844-இல் ரயில் வந்தது. அதன் பிறகு தோல் பதனிடும் ஆலை, மாவு ஆலை, கப்பி (பெல்ட் ஓடும் சக்கரம்) செய்யும் பட்டறை என்று ஒவ்வொன்றாக முளைத்தன. அந்தக் கப்பிப் பட்டறையைச் சேர்ந்த மில்டன் ரீவ்ஸ் 1911-இல் எட்டுச் சக்கரம் வைத்த கார் ஒன்றைச் செய்து காட்டினார். யாரும் வாங்கவில்லை. ஆனால் கையில் கறையுடன் எதையாவது புதிதாகச் செய்து பார்க்கும் குணம் அந்த ஊரில் அப்போதே ஊறியிருந்தது.

மாவு ஆலையின் கதையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 'சீரியலைன்' என்ற பெயரில் சோளத்தை அவலாக்கி விற்ற ஆலை அது. இன்று காலை உணவாகப் பாலில் போட்டுச் சாப்பிடும் சோள அவலுக்கு முன்னோடி. வியாபாரம் பெருகியதும் 1890-களில் அது இண்டியானாபொலிஸுக்கு இடம் மாறிப் போய்விட்டது. வளர்ந்த தொழில் ஊரை விட்டுப் போகும் என்பதைக் கொலம்பஸ் அப்போதே கண்டுவிட்டது. அந்த ஆலைக் கட்டடம் இன்னும் நிற்கிறது. எங்கே என்று பிறகு சொல்கிறேன்.

இனி எஞ்சினுக்கு வருவோம். ஊரின் வங்கியை நடத்திய குடும்பம் இர்வின் குடும்பம். டபிள்யூ. ஜி. இர்வினுக்குக் கார் ஓட்டுநராகவும் மெக்கானிக்காகவும் இருந்தவர் கிளெஸ்ஸி கம்மின்ஸ். பெரிய படிப்பு கிடையாது. இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லும் கை. அவர் 1919-இல் இர்வினின் பணத்தில் ஓர் எஞ்சின் கம்பெனி தொடங்கினார். டீசல் அன்று பெரிய கப்பல்களுக்கும் ஆலைகளுக்கும் மட்டுமே உரிய முரட்டு யந்திரம். அதைச் சிறிதாக்கி விவசாயிக்கு விற்கலாம் என்பது அவர் கனவு. தபால் வழி விற்பனை நிறுவனமான சியர்ஸ் மூலம் விற்றார்கள். பிடிக்காவிட்டால் பணம் வாபஸ் என்பது சியர்ஸின் வாக்குறுதி. விவசாயிகளில் பலர் பருவம் முழுக்க எஞ்சினை ஓட்டி வேலையை முடித்துக்கொண்டு, பிறகு பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கம்பெனி திவாலின் விளிம்புக்குப் போனது.

பத்தாண்டு காலம் இர்வின் பணத்தைக் கொட்டிக்கொண்டே இருந்தார். 1929-இல் பங்குச் சந்தையும் சரிந்தது. அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று கிளெஸ்ஸி ஒரு பழைய பேக்கார்டு காரில் டீசல் எஞ்சினைப் பொருத்தி, இர்வினை ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தார். இர்வின் மீண்டும் கைகொடுத்தார். அடுத்த சில நாட்களில் கிளெஸ்ஸி அதே காரை நியூயார்க் வரை ஓட்டிப் போனார். சுமார் 800 மைல். எரிபொருள் செலவு 1 டாலர் 38 சென்ட். 1931-இல் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் கம்மின்ஸ் டீசல் கார் ஒன்று 500 மைலையும் ஒருமுறைகூட நிறுத்தாமல் ஓடி முடித்தது. வந்தது 13-ஆவது இடத்தில்தான். ஆனால் லாரி முதலாளிகள் பார்த்தது இடத்தை அல்ல, எரிபொருள் கணக்கை.

இவ்வளவுக்கும் பிறகு கம்பெனி முதல் லாபம் கண்டது 1937-இல். தொடங்கிப் பதினெட்டு ஆண்டுகள்! பக்கத்து வீட்டில் குடியிருக்கும் முதலாளி அல்லாமல், தூரத்துப் பங்குதாரர் ஒருவர் இவ்வளவு காலம் பொறுத்திருப்பாரா? நான் கேட்டுப் பழகிய பழைய தொழிலாளிகள் எல்லோரும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே குரலில் பேசுவார்கள்.

இர்வினுடைய சகோதரியின் மகள் வயிற்றுப் பேரன் ஜே. இர்வின் மில்லர். யேலிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் படித்தவர், கிரேக்க மொழியில் விவிலியம் வாசிப்பவர், வீட்டில் ஸ்ட்ராடிவேரியஸ் வயலின் வாசிப்பவர். 1934-இல், 25 வயதில், நஷ்டத்தில் இருந்த கம்பெனியின் பொறுப்பை ஏற்றார். இரண்டாம் உலகப் போர் முடிந்து நாடெங்கும் நெடுஞ்சாலைகள் போடப்பட்டபோது லாரிகள் பெருகின; கம்மின்ஸும் பெருகியது. 1960-களின் பிற்பகுதியில் அமெரிக்க டீசல் எஞ்சின் சந்தையில் சுமார் பாதி இந்தச் சின்ன ஊரின் கம்பெனியுடையது.

இங்கேதான் நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை தொடங்குகிறது.

1950-இல் ஊரின் மக்கள்தொகை 18,000 சொச்சம். கம்பெனிக்குப் பொறியாளர்கள் தேவை. சிகாகோவிலோ பாஸ்டனிலோ படித்த ஓர் இளைஞர், மனைவி குழந்தைகளுடன் சோள வயலுக்கு நடுவே ஏன் வர வேண்டும்? போருக்குப் பின் குழந்தைகள் பெருகி, பள்ளிக்கூடங்களும் போதவில்லை. அவசரத்துக்குக் கட்டிய பள்ளிகள் பார்க்கவே சகிக்கவில்லை. நல்ல பள்ளிக்கூடம் இல்லாத ஊருக்கு நல்ல பொறியாளர் வரமாட்டார் என்பதை மில்லர் தெளிவாகப் புரிந்துகொண்டார்.

அவர் செய்த ஏற்பாடுதான் என்னைப் பொறுத்தவரை அந்த ஊரின் உண்மையான சாதனை. கட்டடங்கள் அதற்குப் பிறகுதான். கம்பெனியின் அறக்கட்டளை பள்ளி வாரியத்திடம் சொன்னது இதுதான்: பள்ளியை நீங்களே கட்டுங்கள், உங்கள் வரிப்பணத்தில் கட்டுங்கள். கட்டடக் கலைஞரின் கட்டணத்தை மட்டும் நாங்கள் கொடுக்கிறோம். நாட்டின் சிறந்த கலைஞர்கள் சிலரின் பட்டியலைத் தருகிறோம். அதிலிருந்து யாரைத் தேர்ந்தெடுப்பது என்பது உங்கள் விருப்பம். வரைபடத்தில் நாங்கள் தலையிட மாட்டோம்.

எவ்வளவு நுட்பமான ஏற்பாடு பாருங்கள். முழுப் பணத்தையும் கொடுத்துத் தன் பெயரைப் பொறித்திருந்தால் அது பணக்காரர் வீட்டுத் தானம். ஊர் கைகட்டி நின்று வாங்கியிருக்கும். இங்கே கட்டியது ஊர், தேர்ந்தெடுத்தது ஊர், திட்டினாலும் பாராட்டினாலும் அது ஊரின் கட்டடம். கட்டணம் என்பது மொத்தச் செலவில் சிறு பங்குதான். ஆனால் அந்தச் சிறு பங்குதான் சாதாரணப் பள்ளிக்கும் சிறந்த பள்ளிக்கும் நடுவில் நின்ற தடை.

1957-இல் ஹேரி வீஸ் வடிவமைத்த லிலியன் ஷ்மிட் தொடக்கப்பள்ளி திறந்தது. வகுப்பறை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கூரை. பார்த்தால் வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள். முதல் நாள் அம்மாவின் கையை விடாத குழந்தைக்கும் அது பழகிய உருவம். பிறகு பள்ளிக்குப் பள்ளி வேறு வேறு கலைஞர்கள் வந்தார்கள். 1960 முதல் மற்றப் பொதுக் கட்டடங்களுக்கும் அதே ஏற்பாடு நீண்டது. தீயணைப்பு நிலையம், தபால் நிலையம், நகர மன்றம், சிறைச்சாலை என்று ஐம்பதுக்கும் மேல். தீயணைப்பு நிலையங்களில் ஒன்று ராபர்ட் வென்டூரி வரைந்தது. தெருவைப் பார்த்த வெள்ளைச் செங்கல் முகப்பு. நனைந்த குழாய்களைத் தொங்கவிட்டு உலர்த்தும் கோபுரத்தில் '4' என்ற பெரிய எண். அவ்வளவுதான். ஆனால் உலகெங்கும் கட்டடக் கலை மாணவர்கள் அதன் படத்தைப் பார்த்துப் படிக்கிறார்கள்.

இதற்கு முன்பே ஒரு விதை விழுந்திருந்தது. இர்வின் குடும்பம் சார்ந்திருந்த திருச்சபை புதுக் கோயில் கட்ட நினைத்தபோது, ஃபின்லாந்திலிருந்து வந்த எலியேல் சாரினெனை அழைத்தது. 1942-இல் எழுந்த அந்தத் தேவாலயத்தில் கூர்மாடம் இல்லை, வண்ணக் கண்ணாடி இல்லை. வெளிர்நிறச் செங்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் நேர்க்கோடுகளும் மட்டும். அருகில் 166 அடி உயரத்தில் தனியே நிற்கும் மணிக்கோபுரம். அமெரிக்காவின் முதல் நவீனத் தேவாலயங்களில் அது ஒன்று. எலியேலின் மகன் ஈரோ சாரினென் அப்போதே மில்லருக்கு நண்பரானார். பிறகு ஊருக்கு ஒரு வங்கிக் கட்டடம், மில்லருக்கு ஒரு வீடு, கடைசியாக இன்னொரு தேவாலயம் என்று மூன்று கொடுத்தார். வங்கி என்றால் தூண்களும் கம்பிக் கூண்டுகளும் என்றிருந்த காலத்தில், அவர் வங்கியைத் தெருவோடு தெருவாக இருக்கும் தாழ்ந்த கண்ணாடி வீடாக்கினார். உள்ளே யார் என்ன செய்கிறார்கள் என்பது வெளியிலிருந்தே தெரியும்.

உங்கள் தங்கை அதிகம் போகப்போவது நூலகத்துக்கு. அதனால் அதைப் பற்றிச் சற்று நின்று சொல்கிறேன். ஐ. எம். பெய் வடிவமைத்து 1969-இல் திறந்த செங்கல் கட்டடம் அது. எலியேல் சாரினெனின் தேவாலயம் தெருவுக்கு எதிர்ப்புறம். பெய் தன் கட்டடத்தை முன்னால் நீட்டி அதோடு போட்டி போடவில்லை. பின்னால் தள்ளி வைத்து, நடுவில் ஒரு முற்றத்தை உண்டாக்கினார். அந்த முற்றத்துக்கு ஏதோ ஒன்று தேவை என்று அவர் சொல்ல, மில்லர் தம்பதி சிற்பி ஹென்றி மூரிடம் ஒரு வெண்கலச் சிற்பம் செய்வித்தார்கள். 1971-இல் அது வந்து சேர்ந்தது. சுமார் 20 அடி உயர வளைவு; விலங்கின் எலும்பு போல, இடுப்பு எலும்பு போல. பச்சை பூத்த வெண்கலத்தில் ஒரு குறிப்பிட்ட உயரம் வரை கைபட்டு நிறம் மாறியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். குழந்தைகள் அதன் கீழே ஓடும்போது தொட்டுவிட்டு ஓடுகிறார்கள். பனிக்காலத்தில் அதன் மேல் விளிம்பில் மட்டும் வெள்ளையாக ஒரு கோடு படிந்திருக்கும். புத்தகப் பையுடன் அதன் அடியில் நடந்து போவது எங்களுக்கு ஒரு வாரச் சடங்கு.

எல்லாம் பொன்னாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. தட்டைக் கூரைகள் ஒழுகும். சுவரே இல்லாத வகுப்பறை என்ற சித்தாந்தத்தில் கட்டிய பள்ளிகளில் பிறகு தடுப்புச் சுவர் வைக்க வேண்டி வந்தது. இவற்றைப் பராமரிப்பது சிறிய ஊருக்குப் பெரிய சுமை. தொழிலும் எப்போதும் ஒரே நிலையில் இல்லை. 1980-களில் ஜப்பானிய எஞ்சின்கள் வரப்போகின்றன என்று தெரிந்ததும் கம்மின்ஸ் தன் விலையைக் கடுமையாகக் குறைத்தது. லாபம் கரைந்தது, ஆட்கள் குறைக்கப்பட்டார்கள். அந்தப் பத்தாண்டின் முடிவில் ஹேன்ஸன் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் பங்குகளை வாங்கிக் குவித்தது. கம்பெனிகளை வாங்கி உடைத்து விற்பதில் பேர் போன நிறுவனம். 1989-இல் மில்லர் குடும்பம் சொந்தப் பணத்தைப் போட்டு, சந்தை விலைக்கு மேல் கொடுத்து, அந்தப் பங்குகளைத் திரும்ப வாங்கியது. அதே மாநிலத்தில் ஆண்டர்சன் நகரம் இருக்கிறது. ஒரு காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைகளில் மட்டும் 20,000 பேருக்கு மேல் வேலை பார்த்த ஊர். முடிவெடுப்பவர்கள் டெட்ராய்டில் இருந்தார்கள். ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அந்த இடங்களில் பல வெறும் சிமென்ட் தரையாகின. கொலம்பஸ் தப்பியதற்கு அதிர்ஷ்டமும் ஒரு காரணம்தான். ஆனால் தலைமையகம் ஊருக்குள் இருந்ததை வெறும் அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை.

அந்தத் தலைமையகத்தை கெவின் ரோச் வடிவமைத்தார். 1980-களில், ஊருக்கு வெளியே புல்வெளியில் கட்டாமல், நகரின் நடுவில், பழைய ரயில் பாதை அருகில் கட்டினார்கள். ஊரை விட்டுப் போன சீரியலைன் ஆலையின் கட்டடம் எங்கே என்று பிறகு சொல்கிறேன் என்றேன் அல்லவா? அதை இடிக்காமல் இந்த வளாகத்துக்குள் சேர்த்துக்கொண்டார்கள். இன்று அது ஊழியர்களின் உணவுக்கூடம்.

மில்லரைப் பற்றி இன்னும் இரண்டு வரி. அமெரிக்கத் தேவாலயங்களின் தேசியக் கவுன்சிலுக்கு 1960-இல் தலைவரானார். பாதிரியார் அல்லாத ஒருவர் அந்தப் பதவிக்கு வந்தது அதுவே முதல் முறை. அந்தக் கவுன்சில் வழியாக 1963-இல் வாஷிங்டனில் நடந்த மாபெரும் சிவில் உரிமைப் பேரணிக்குத் துணை நின்றார். 2004-இல் ஊரிலேயே காலமானார். அவருடைய வீட்டை இன்று முன்பதிவு செய்து பார்க்கலாம். வரவேற்பறைத் தரையில் குழிபோல் இறங்கும் இருக்கை மேடையைப் பார்த்தால், நம் ஊர் முற்றமும் திண்ணையும் சேர்ந்தது போல எனக்குத் தோன்றியது.

2008 ஜூன் 7 அன்று பெருமழையில் ஹா ஓடை கரை உடைத்தது. ஓடைக் கரையில் இருந்த மருத்துவமனையின் அடித்தளம் மூழ்கி, மின்சாரம் போய், 157 நோயாளிகளை வெளியேற்ற வேண்டியிருந்தது. பல மாதங்கள் அது மூடிக் கிடந்தது. நான் போனது அதற்குப் பிறகுதான். ஆனாலும் யாரிடம் பேசினாலும், வெள்ளத்துக்கு முன், வெள்ளத்துக்குப் பின் என்றே காலத்தைப் பிரிப்பார்கள். என் பக்கத்து வீட்டுப் பாட்டி நிலவறைச் சுவரில் தண்ணீர் நின்ற உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். என் மார்பளவு இருந்தது அந்தக் கோடு. அடுத்த ஆண்டே இர்வின் குடும்பத்தின் வங்கியும் நிதி நெருக்கடியில் மூடப்பட்டது. அந்தக் கண்ணாடி வீடு பிறகு கம்மின்ஸின் மாநாட்டுக் கூடமானது.

இனி அன்றாட வாழ்க்கை. கம்மின்ஸ் 1962-இலேயே புணேயில் கிர்லோஸ்கருடன் சேர்ந்து ஆலை தொடங்கியது. அதனால் கொலம்பஸில் இந்தியர் புதியவர் அல்ல. அலுவலகத்தில் மராத்தி காதில் விழும், தமிழும் விழும். மளிகைக் கடையில் தோசை மாவு கேட்டால் யாரும் விழிக்க மாட்டார்கள். அக்டோபரில் 1984 முதல் நடக்கும் எத்னிக் எக்ஸ்போ என்ற திருவிழாவில் பல நாட்டுச் சாப்பாட்டுக் கடைகள் நகர மன்றத்தைச் சுற்றி வரிசையாக நிற்கும்.

குளிர்காலம் நீளமானது. அப்போது சிறு குழந்தைகள் உள்ளவர்களுக்குக் 'காமன்ஸ்' என்ற கூடம்தான் புகல். நகரின் நடுவில், கூரைக்குள் ஒரு விளையாட்டிடம், கட்டணம் இல்லை. உள்ளே ஜான் டிங்லி செய்த ஒரு இயந்திரச் சிற்பம் சக்கரங்களும் பந்துகளுமாகச் சுழலும். தேய்ந்துபோன பழைய கட்டடத்தை இடித்து 2011-இல் புதிதாகக் கட்டியபோதும் அந்தச் சிற்பத்தை நகர்த்தவில்லை. அருகே ஸஹராக்கோஸ் என்ற ஐஸ்கிரீம் கடை. கிரேக்கச் சகோதரர்கள் 1900-இல் தொடங்கியது. மஹோகனி மரமும் ஓனிக்ஸ் கல்லும் இழைத்த பழைய சோடா மேடை, தானே வாசிக்கும் இசைப்பெட்டி. இடையில் மூடிக் கிடந்து 2009-இல் மறுபடி திறந்தது. பள்ளிகளில் கூடைப்பந்து என்றால் அந்த மாநிலமே பைத்தியம். ஓர் உயர்நிலைப் பள்ளியின் உள்ளரங்கில் சுமார் 7,000 பேர் உட்காரலாம் என்றால் கற்பனை செய்துகொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை இரவு அங்கே போனால் ஊரில் பாதிப் பேரைப் பார்த்துவிடலாம்.

ஒரு வருத்தமும் உண்டு. ஈரோ சாரினெனின் கடைசிப் படைப்புகளில் ஒன்று நார்த் கிறிஸ்டியன் தேவாலயம். ஆறு பக்கங்கள் கொண்ட தாழ்ந்த கூரை, நடுவிலிருந்து 192 அடி உயரும் ஊசிக்கோபுரம். 1961-இல் அவர் இறந்தார். 1964-இல் அது முடிந்தது. சபையில் ஆள் குறைந்து குறைந்து, 2022-இல் வழிபாடு நின்றுபோனது. இடிபடுமோ என்று நாங்கள் பயந்தோம். கடைசியில் ஊர் நூலகம் அதை ஏற்றுக்கொண்டது.

உங்கள் தங்கையிடம் ஒன்று சொல்லுங்கள். போன முதல் சனிக்கிழமை காலை, கட்டடச் சுற்றுலா எதற்கும் பதிவு செய்யாமல், 1874-இல் கட்டிய பழைய நீதிமன்றத்தின் பக்கம் போகட்டும். அங்கே புல்வெளியில் 25 சுண்ணாம்புக்கல் தூண்கள் நெருக்கமாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் 40 அடி. போர்களில் இறந்த அந்தக் கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் போன்றது) ஆட்களுக்கான நினைவிடம். வெளியிலிருந்து பார்த்தால் கரடுமுரடான கல். இடையில் நுழைந்தால், உட்பக்கம் வழவழப்பாக இழைத்து, பெயர்களும், சிலர் வீட்டுக்கு எழுதிய கடிதங்களும் வெட்டப்பட்டிருக்கின்றன. இடைவெளி ஓர் ஆள் நடக்கும் அகலம்தான். எதிரே யாராவது வந்தால் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும். அப்படி ஒதுங்கி நின்ற ஒரு காலையில்தான் எனக்கு அந்த ஊரில் முதல் சிநேகிதர் கிடைத்தார். கம்மின்ஸில் முப்பது ஆண்டுகள் எஞ்சின் கோத்து ஓய்வு பெற்றவர். தன் மாமாவின் பெயரை விரலால் தடவிக் காட்டிவிட்டு, காபி சாப்பிடலாமா என்று கேட்டார்.